டெட்ராய்ட் ஏன் சறுக்கியது? அமெரிக்கக் கார் நிறுவனங்களும் வெளிநாட்டுப் போட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கார்த் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். ஜப்பான் குறைந்த கூலியால் ஜெயித்ததா? தொழிற்சங்கம் கெடுத்ததா? வரி போட்டால் தொழில் பிழைக்குமா? அவற்றுக்கும் அவற்றோடு ஒட்டிவரும் வேறு சில கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்குச் சுருக்கமாக.

‘டெட்ராய்ட்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறார்கள்?

ஃபோர்டு (1903), ஜி.எம். என்று சுருக்கிச் சொல்லும் ஜெனரல் மோட்டார்ஸ் (1908), கிரைஸ்லர் (1925) ஆகிய மூன்று நிறுவனங்களை. மூன்றும் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரிலும் அதைச் சுற்றியும் வளர்ந்தவை. அமெரிக்கன் மோட்டார்ஸ் என்று நான்காவதாக ஒன்றும் இருந்தது. முக்கியமாக ஜீப்புக்காக அதை 1987-இல் கிரைஸ்லர் வாங்கிப் போட்டது. அந்தக் கிரைஸ்லரே இன்று நெதர்லாந்தில் பதிவான ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தில் ஓர் உறுப்பு. கறாராகப் பார்த்தால் மூவரில் இருவர்தான் இன்னும் அமெரிக்க நிறுவனங்கள். டெஸ்லாவை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

அப்படி என்ன பெரிய பலம் இருந்தது அவர்களிடம்?

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி ஜி.எம். ஒன்றே செய்தவை. போட்டியாளர்களைவிட அரசைக் கண்டுதான் அந்த நிறுவனம் அன்று அதிகம் பயந்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தைக் காட்டித் தன்னைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவார்களோ என்ற கவலை அது. இன்று அதே ஜி.எம்.மின் பங்கு ஆறில் ஒன்று என்ற அளவில் நிற்கிறது.

அதன் வியாபார முறை எளிமையானது. முதல் வேலை கிடைத்தவுடன் ஷெவர்லே வாங்கு, சம்பளம் உயர்ந்ததும் போன்டியாக், பிறகு ஓல்ட்ஸ்மொபைல், பிறகு பியூயிக், பெரிய ஆளானதும் காடிலாக். ஆண்டுக்கு ஒருமுறை தோற்றத்தை மாற்றினால் பழைய கார் பழையதாகத் தெரியும். இதில் சின்னக் கார் என்பது கீழ்ப்படி மட்டுமே. யாரும் அதிலேயே தங்கிவிடக் கூடாது என்பதுதான் திட்டம். பின்னால் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

ஜப்பான் கார்கள் வந்தவுடனேயே வென்றுவிட்டனவா?

இல்லை. முதல் முயற்சியில் மண்ணைக் கவ்வின. டொயோட்டா 1957-இல் கலிஃபோர்னியாவில் கடை விரித்து, அடுத்த ஆண்டு டொயோபெட் கிரவுன் என்ற காரை விற்கத் தொடங்கியது. ஜப்பானின் மேடுபள்ளச் சாலைகளுக்காகக் கட்டிய வண்டி. உடம்பு கனம், எஞ்சின் சிறிது. அமெரிக்க நெடுஞ்சாலையில் ஏறினால் மூச்சு வாங்கியது. சில ஆண்டுகளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அமெரிக்கச் சாலைக்கு ஏற்ற காரோடு 1965-இல்தான் மறுபடி தலைகாட்டினார்கள். அதன் பெயர் கொரோனா. அப்போது அந்தப் பெயரால் யாருக்கும் பயமில்லை.

உண்மையில் டெட்ராய்ட்டின் கதவை முதலில் தட்டியது ஜெர்மனி. 1960-களின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தொட்டது. மூவரும் அதைக் கல்லூரி மாணவர்களின் கிறுக்கு என்று ஒதுக்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் 1973 எண்ணெய் நெருக்கடிதானே காரணம்?

அது நோயைக் காட்டிக்கொடுத்தது. நோய்க்குக் காரணம் வேறு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை எட்டியது. மைலேஜ் கொடுக்கும் கார் எங்கே என்று மக்கள் தேடினார்கள். டெட்ராய்ட்டிடம் சின்னக் கார்களே இல்லை என்பது தவறான நினைப்பு. ஃபோர்டிடம் பின்டோ இருந்தது, ஜி.எம்.மிடம் வேகா இருந்தது. இரண்டும் 1970-லேயே கடைக்கு வந்துவிட்டன. வாங்கியவர்கள் பட்ட பாடுதான் கதை.

வேகாவின் அலுமினிய எஞ்சின் சூடேறினால் கோணிக்கொண்டது, எண்ணெய் குடித்தது. உடம்பு வெகு சீக்கிரம் துருப்பிடித்தது. அதைச் செய்த ஒஹையோ மாநில லார்ட்ஸ்டவுன் ஆலையில் அசெம்பிளி லைன் மணிக்கு 100 கார் என்ற வேகத்தில் ஓடியது. ஒரு தொழிலாளிக்கு ஒரு காரில் தன் வேலையை முடிக்கக் கிடைத்தது 36 விநாடி. 1972-இல் அங்கே வேலைநிறுத்தம் வெடித்தபோது வேலையின் வேகமே பெரிய சண்டையாக இருந்தது. பின்டோவின் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிக்கும் ஆபத்து. 1978-இல் அதையும் அதன் உடன்பிறப்பான பாப்கேட்டையும் சேர்த்து 15 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது.

சின்னக் காரில் லாபம் சின்னது என்று நம்பியவர்கள் அதற்குத் தங்கள் சிறந்த பொறியாளர்களையா அனுப்புவார்கள்? ஜப்பானில் நிலைமை நேர்மாறு. அங்கே சின்னக் கார்தான் கார்.

புகைக் கட்டுப்பாட்டிலும் இதே கூத்து நடந்தது. 1970-இன் தூய காற்றுச் சட்டம் சொல்லும் அளவுக்குப் புகையைக் குறைப்பது குறித்த காலத்தில் நடக்காத காரியம் என்று மூவரும் வாஷிங்டனில் வாதாடினார்கள். கார் செய்யத் தொடங்கிப் பத்தாண்டுகூட ஆகாத ஹோண்டா, தன் சி.வி.சி.சி. எஞ்சினால் அந்த அளவை எட்டிக் காட்டியது. அதுவும் வெளிவரும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற கருவி இல்லாமல். சின்ன எஞ்சினில்தான் அது எடுபடும் என்ற பேச்சு எழுந்ததும், ஹோண்டா ஒரு ஷெவர்லே இம்பாலாவை வாங்கி, அந்தப் பெரிய வி-8 எஞ்சினில் தன் ஏற்பாட்டைப் பொருத்தி, அமெரிக்க அரசின் சோதனையிலேயே தேறவைத்தது. உன் காரிலேயே செய்துகாட்டுகிறேன் பார் என்பது போல.

ஜப்பான் குறைந்த கூலியால்தானே மலிவாக விற்றது?

தொடக்கத்தில் கூலி வித்தியாசம் உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூலி மட்டுமே காரணம் என்ற வாதத்தை உடைத்துப்போட்ட ஓர் ஆலை உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கலிஃபோர்னியாவின் ஃபிரிமான்ட்டில் ஜி.எம்.முக்கு ஓர் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானது என்று பெயரெடுத்தது. தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களில் சிலர் லைனிலேயே குடித்தார்கள். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான புகார்கள் தேங்கிக் கிடந்தன. 1982-இல் ஜி.எம். அதை மூடியது. இரண்டே ஆண்டுகளில் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. அதன் பெயர் நம்மி. நிர்வாகம் டொயோட்டாவின் கையில். ஆட்கள்? பெரும்பாலும் அதே பழைய ஆட்கள். யு.ஏ.டபிள்யூ. என்ற அதே கார்த் தொழிலாளர் சங்கம், அமெரிக்கச் சம்பளம்.

நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் லைனில் நிற்கவைத்துப் பழக்கினார்கள். அங்கே தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். தவறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவருவார். அதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். பழைய ஃபிரிமான்ட்டில் லைனை நிறுத்துவது கொலைக்குற்றம் மாதிரி. கதவு பொருந்தாவிட்டாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பிறகு வெளியே நிறுத்திப் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். நம்மியில் டஜன்கணக்கான வேலைப் பிரிவுகளை ஒரு சிலவாகச் சுருக்கினார்கள். வேலைக்கு வராதவர்கள் விகிதம் நூற்றுக்கு இரண்டு மூன்றாக இறங்கியது. ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆலையின் தரம் ஜப்பான் ஆலையோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆக, ஆளில் குறையில்லை என்று ஜி.எம்.மின் கண்ணெதிரே, அதன் சொந்தக் கட்டடத்தில் நிரூபணமாயிற்று. பாடத்தைக் கற்றார்களா? தனிப்பட்ட மேலாளர்கள் கற்றார்கள். நிறுவனம் கற்கப் பல ஆண்டுகள் ஆயின. கலிஃபோர்னியாவிலேயே இருந்த தங்கள் வான் நைஸ் ஆலையில் இதே முறையை முயன்று தோற்றார்கள். 1992-இல் அதையும் மூடினார்கள். அதே காலத்தில் தலைவர் ராஜர் ஸ்மித் ரோபோக்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டினார். டெட்ராய்ட்டின் ஹாம்ட்ராமிக் ஆலையில் அந்த ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றுக்கொன்று பெயிண்ட் அடித்துக்கொண்டது அன்றைய பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம்மியில் ஒரே லைனில் ஒரே காரை இரண்டு பெயரில் செய்தார்கள்: டொயோட்டா கொரோலா, ஜி.எம்.மின் பிரிஸ்ம். பெயர்ப்பலகை தவிரப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் கொரோலாதான் நன்றாக விற்றது; பழைய காராக விற்கும்போதும் அதற்கே கூடுதல் விலை. போன பெயரை மீட்பது கார் செய்வதைவிடக் கடினம். நம்மி 2010-இல் மூடப்பட்டதும் கட்டடத்தை டெஸ்லா வாங்கிக்கொண்டது.

ஜப்பானுக்குத் தரத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அமெரிக்கராமே?

ஆம், எட்வர்ட்ஸ் டெமிங். 1950-இல் ஜப்பான் பொறியாளர்களுக்குப் புள்ளியியல் வழியே தரத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் அங்கே விருது ஏற்படுத்தினார்கள். சொந்த நாட்டில் ஃபோர்டு அவரை அழைத்தது 1981-இல். முப்பது ஆண்டு தாமதம். அந்த டெமிங் விருதை 1998-இல் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் வாங்கியது, பிறகு டி.வி.எஸ். குழுமத்தில் வேறு சில நிறுவனங்களும் வாங்கின.

தொழிற்சங்கம்தான் கெடுத்தது என்கிறார்களே?

பாதி உண்மை. 1950-இல் ஜி.எம்.மும் வால்டர் ரூத்தர் தலைமையிலான சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன. ஓய்வூதியம், மருத்துவச் செலவு, விலைவாசிக்கேற்ற சம்பள உயர்வு எல்லாம் அதில் வந்தன; பதிலுக்கு ஆலையில் அமைதி. ‘டெட்ராய்ட் உடன்படிக்கை’ என்று அதைக் கொண்டாடினார்கள். போட்டியே இல்லாத காலத்தில் செலவைக் கார் விலையில் ஏற்றிவிடலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அரை நூற்றாண்டு கழித்து, வேலை செய்பவர்களைவிட ஓய்வுபெற்றவர்கள் பல மடங்கு ஆனபோது அந்தக் கணக்கு உதைத்தது. 2000-களின் நடுவில் ஜி.எம். செய்யும் ஒவ்வொரு காரிலும் மருத்துவச் செலவு மட்டுமே ஏறக்குறைய 1,500 டாலர். தெற்கு மாநிலங்களில் புதிதாக வந்த ஜப்பான் ஆலைகளில் ஆட்கள் இளைஞர்கள், ஓய்வுபெற்றவர்கள் கிடையாது, பெரும்பாலும் சங்கமும் கிடையாது.

வேலையில்லாத தொழிலாளிக்கு ஏறக்குறைய முழுச் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கும் ‘வேலை வங்கி’ என்ற ஏற்பாடும் இருந்தது. நியாயப்படுத்த முடியாத ஒன்று. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டவர்கள் இரு தரப்பும்தான். வேகாவின் எஞ்சினை வடிவமைத்தது சங்கம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜப்பான் கார்களுக்கு அமெரிக்கா வரம்பு விதித்ததே, அது உதவியதா?

ஈரான் புரட்சியால் 1979-இல் எண்ணெய் விலை மறுபடி எகிறியது. கிரைஸ்லர் திவாலின் விளிம்புக்குப் போனது. 1980 ஜனவரியில் 150 கோடி டாலர் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். தலைவர் லீ அயகோக்கா 1983-லேயே, கெடுவுக்கு ஏழாண்டு முன்னதாக, கடனை அடைத்துத் தேசிய நாயகர் ஆனார். அதே 1980-இல்தான் கார் உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது.

அடுத்த ஆண்டு, ரேகன் ஆட்சியில், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்ப மாட்டோம் என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. தானாக முன்வந்து ஏற்ற கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். முதுகில் கை வைத்துத் தள்ளியது வாஷிங்டன். சுதந்திர வணிகம் பேசிய ரேகன் காலத்தில் இது நடந்தது என்பது தனி நகைச்சுவை.

வரம்பு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு இல்லை. நூறு மூட்டைதான் அனுப்பலாம் என்று சொன்னால் எந்த வியாபாரி குருணையை அனுப்புவான்? ஜப்பான் நிறுவனங்கள் வசதிகள் நிறைந்த விலை உயர்ந்த கார்களை அனுப்பின. கார் கிடைக்காமல் வரிசையில் நின்றவர்களிடம் டீலர்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினார்கள். அந்த லாபம் ஜப்பானுக்கே போய், புதிய கார்களை உருவாக்கும் முதலீடாகத் திரும்பி வந்தது. 1986-இல் ஹோண்டாவின் அக்யூரா, 1989-இல் டொயோட்டாவின் லெக்ஸஸ், நிசானின் இன்ஃபினிட்டி. காடிலாக்கின் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

வரம்பைத் தாண்ட இன்னொரு வழி, அமெரிக்காவிலேயே ஆலை போடுவது. ஹோண்டா இந்த முடிவை முன்பே எடுத்திருந்தது. 1982-இல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டு உருண்டு வெளியே வந்தது. 1983-இல் டென்னசியில் நிசான், 1988-இல் கென்டக்கியில் டொயோட்டா. வேலியைக் கட்டினார்கள், போட்டியாளர் வேலிக்கு உள்ளே குடிவந்துவிட்டார்.

டெட்ராய்ட்டோ கிடைத்த இடைவெளியில் தன் விலையையும் ஏற்றி லாபம் பார்த்தது. ஃபோர்டு மட்டும் டாரஸ் என்ற நல்ல காரைக் கொண்டுவந்தது. மற்றபடி அந்த அவகாசம் வீணாகவே போனது என்பேன்.

‘கோழி வரி’ என்பது என்ன?

பெயர் விளையாட்டாக இருந்தாலும் டெட்ராய்ட்டின் உயிர்நாடி இதுதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவான கோழி இறைச்சி ஐரோப்பாவில் குவிந்தது. ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அதற்கு வரி ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் லிண்டன் ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பசை, பிக்கப், சரக்கு வேன் போன்ற சிறு டிரக்குகள் ஆகியவற்றுக்கு 25 சதவீத வரி விதித்தார். மற்றவற்றுக்கு வரி போய்விட்டது. டிரக் வரி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. காருக்கு நெடுங்காலம் 2.5 சதவீதம்தான்.

இதைத் தாண்ட நடந்த தகிடுதத்தங்கள் தனிக் கதை. 1970-களின் இறுதியில் சுபாரு தன் பிராட் என்ற சிறு பிக்கப்பின் திறந்த பின்தட்டில் பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தியது. பயணிகள் உட்காரலாம், ஆகவே இது கார் என்று வாதம், காருக்கான குறைந்த வரியே போதும். பிற்காலத்தில் இதே வேலையை ஃபோர்டே செய்தது. துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்னிருக்கையோடு இறக்குமதி செய்து, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக விற்றது. சுங்கத்துறை விடவில்லை. பல்லாண்டு வழக்குக்குப் பிறகு 2024-இல் 36.5 கோடி டாலர் கட்ட ஃபோர்டு சம்மதித்தது. தன்னைக் காக்கும் வேலியைத் தானே தாண்டிப் பிடிபட்டது இந்த ஒரு நிறுவனமாகத்தான் இருக்கும்.

மக்களின் கோபம் எப்படி இருந்தது?

ஜப்பான் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கும் காட்சிகள் 1980-களில் டெட்ராய்ட் பக்கம் சகஜம். காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1982 ஜூனில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன வம்சாவளி அமெரிக்கரை இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஒருவர் கிரைஸ்லரில் மேற்பார்வையாளர். மற்றவர் அவருடைய வளர்ப்பு மகன், கார் ஆலையில் வேலையை இழந்தவர். சில நாளில் சின்னுக்குத் திருமணம் நடக்க இருந்தது. உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்ற பொருளில் அவர்கள் பேசியதாகச் சாட்சியம் இருந்தது. அவர் ஜப்பானியர்கூட இல்லை. மாநில நீதிமன்றம் கொடுத்த தண்டனை மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் தலா 3,000 டாலர் அபராதமும். ஒரு நாள் சிறைகூட இல்லை. ஆசிய அமெரிக்கர்கள் பல இனமாகப் பிரிந்து கிடந்த நிலை மாறி, ஒன்றாகத் தெருவில் இறங்கியது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

ஜப்பான் தன் சந்தையை மட்டும் மூடி வைத்திருந்ததே?

மறைமுகத் தடைகள் இருந்தது உண்மை. 1992 ஜனவரியில் மூத்த புஷ், மூன்று நிறுவனத் தலைவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு டோக்கியோ போனார். விருந்தில் அவருக்கு உடல்நலம் கெட்டு ஜப்பான் பிரதமர் மேல் வாந்தி எடுத்ததுதான் உலகுக்கு நினைவிருக்கிறது. ஆனால் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் அன்று டெட்ராய்ட் விற்க முயன்ற கார்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. வலப்பக்கத்துக்கு மாற்றாமல் கதவு மூடியிருக்கிறது என்று புகார் சொன்னால் யார் கேட்பார்கள்?

1990-களில் நன்றாகத்தானே சம்பாதித்தார்கள்?

மிக நன்றாக. எப்படி என்பதைப் பாருங்கள். 1975-இன் சட்டம், 1985-க்குள் கார்கள் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல் கொடுக்க வேண்டும் என்றது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 11.7 கிலோமீட்டர். டிரக்குகளுக்குத் தளர்வான அளவு. விவசாயிக்கும் கொத்தனாருக்கும் கொடுத்த சலுகை அது. டிரக் அடிச்சட்டத்தில் குடும்பம் உட்காரும் கூண்டைப் பொருத்தினால் அதுவும் சட்டத்தின் கண்ணில் டிரக்தான். 1990-இல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் அந்தப் பாதையைத் தேசிய நெடுஞ்சாலை ஆக்கியது. பெட்ரோல் மலிவு, பிக்கப்புக்குக் கோழி வரியின் பாதுகாப்பு, ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கான டாலர் லாபம்.

கவனமெல்லாம் அங்கே போனதால் செடான் கார்கள் சோர்ந்தன. 1992 முதல் ஐந்தாண்டு விற்பனையில் முதலிடத்தில் இருந்த டாரஸ், 1997-இல் டொயோட்டா கேம்ரியிடம் அந்த இடத்தை இழந்தது. மீட்கவே இல்லை. 2018-இல், வட அமெரிக்காவில் செடான் செய்வதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. வரிசையாகப் பின்வாங்கி, கடைசியில் டிரக் என்ற கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டார்கள்.

2008-இல் என்னதான் நடந்தது?

கோட்டையின் கூரை இடிந்தது. பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. சில மாதத்தில் வங்கிகள் சரிந்தன. கார்க் கடன் கிடைக்கவில்லை. 2007-இல் 1.6 கோடி வண்டிகள் விற்ற சந்தை, 2009-இல் 1.04 கோடிக்கு இறங்கியது. நவம்பர் 2008-இல் மூன்று தலைவர்களும் நாடாளுமன்றத்தில் உதவி கேட்க வாஷிங்டன் போனார்கள், ஆளுக்கொரு தனி விமானத்தில். பிச்சை கேட்க வந்தவர் பட்டுச் சட்டையில் வந்தாரா என்று உறுப்பினர்கள் வறுத்தெடுத்தார்கள். அடுத்த மாதம் அதே மூவரும் டெட்ராய்ட்டிலிருந்து ஹைப்ரிட் கார்களில் சாலைவழியே வந்தார்கள்.

இளைய புஷ் 1,740 கோடி டாலர் கடன் கொடுத்துவிட்டுப் போனார். ஒபாமா வந்து ஜி.எம். தலைவர் ரிக் வேகனரை விலகச் சொன்னார். 2009 ஏப்ரல் 30-இல் கிரைஸ்லரும் ஜூன் 1-இல் ஜி.எம்.மும் திவால் நீதிமன்றம் போயின. ஜி.எம்.மின் போன்டியாக், சாட்டர்ன், ஹம்மர் ஆகிய பிரிவுகள் மூடப்பட்டன. கிரைஸ்லர் ஃபியட் கைக்குப் போனது.

ஃபோர்டு தப்பியது முன்யோசனையால். 2006-லேயே, தன் நீல நிற முத்திரை உட்பட எல்லாச் சொத்தையும் அடகு வைத்து 2,360 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டது. ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008-இல் டாடா மோட்டார்ஸுக்கு 230 கோடி டாலருக்கு விற்றது.

அரசு போட்ட பணம் திரும்பி வந்ததா?

முழுதாக வரவில்லை. ஜி.எம்.முக்குப் போனது ஏறக்குறைய 5,000 கோடி டாலர். 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது அரசுக்கு நட்டம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல். உதிரிபாக நிறுவனங்கள் சங்கிலியாக விழாமல் நின்றதற்குக் கொடுத்த விலை என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது நியாயமான விலையாகவே படுகிறது.

இந்தியாவிலும் இவர்கள் தோற்றது ஏன்?

ஏறக்குறைய அதே காரணம். ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையும் ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையும் ஒரே வட்டாரத்தில், 1990-களின் இறுதியில் ஓடத் தொடங்கியவை. ஹூண்டாய் 1998-இல் சாண்ட்ரோவோடு வந்தது. சின்ன, உயரமான, இந்தியக் குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்த கார். ஃபோர்டு எஸ்கார்ட், ஐகான் என்று செடான்களிலிருந்து தொடங்கியது. நல்ல சின்னக் காரைக் கொடுக்கப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் வெளியேறும் முடிவை அறிவித்தது. மறைமலைநகரில் 2022-இல் உற்பத்தி நின்றது. ஜி.எம். 2017-லேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. அதன் தலேகாவ் ஆலையை வாங்கியதும் ஹூண்டாய்தான். ஏற்றுமதிக்காகச் சென்னை ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024-இல் தமிழக அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது.

சீனப் போட்டி ஜப்பான் போட்டி போன்றதுதானா?

இன்னும் கடுமையானது. சீனா பல ஆண்டுகள் ஜி.எம்.முக்குத் தங்கச் சுரங்கமாக இருந்தது. 2017-இல் அங்கே கூட்டு நிறுவனங்கள் வழியாக 40 லட்சம் வண்டிகள் விற்றது. 2024 முடிவில் சீனத் தொழிலுக்காக 500 கோடி டாலருக்கு மேல் நட்டம் எழுத வேண்டியிருந்தது. பி.ஒய்.டி. போன்ற உள்ளூர் நிறுவனங்கள் மின்சாரக் காரில் பறந்துவிட்டன. 2023-இல் கார் ஏற்றுமதியில் சீனா ஜப்பானை முந்தியது. ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி சீனாவின் ஷாவ்மி எஸ்.யு.7 காரை வரவழைத்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அமெரிக்காவின் பதில் பழைய பதில்தான். 2024-இல் பைடன் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி விதித்தார். இன்னொரு பக்கம், மிச்சிகனில் கட்டும் பேட்டரி ஆலைக்குச் சீனாவின் சி.ஏ.டி.எல். தொழில்நுட்பத்தை ஃபோர்டு உரிமம் பெற்று வாங்குகிறது. நம்மியில் நடந்ததைப் போலப் போட்டியாளரிடமே பாடம். இந்தமுறை அந்தப் பாடம் ஆலைக்கு வெளியிலும் பரவுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

2025-இல் டிரம்ப் விதித்த வரி உள்நாட்டு நிறுவனங்களுக்கு நல்லதுதானே?

2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீத வரி வந்தபோது, இதனால் அந்த ஆண்டு 400 முதல் 500 கோடி டாலர் செலவாகும் என்று அறிவித்தது வேறு யாருமல்ல, ஜி.எம். அதன் மலிவான டிராக்ஸ் வருவது தென் கொரியாவிலிருந்து. பிக்கப்புகளில் ஒரு பகுதி மெக்ஸிகோவிலிருந்து. ஃபோர்டின் மாவெரிக்கும் மெக்ஸிகோ பிறப்புதான். பிறகு ஜப்பான் பேச்சுவார்த்தை நடத்தி 15 சதவீதத்துக்கு இறக்கிக்கொண்டது. அமெரிக்க உதிரிபாகங்கள் நிறைந்த மெக்ஸிகோ வண்டியைவிட ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் காருக்குச் சலுகையா என்று டெட்ராய்ட் குமுறியது.

அப்படியானால் எந்தக் கார்தான் அமெரிக்கக் கார்?

பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒஹையோ ஹோண்டாவும் கென்டக்கி கேம்ரியும் பல டெட்ராய்ட் வண்டிகளைவிட அதிக அமெரிக்க உழைப்பைச் சுமக்கின்றன. தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கிலிருந்து பி.எம்.டபிள்யூ. உலகெங்கும் எஸ்.யு.வி. ஏற்றுமதி செய்கிறது. புதிய கார் என்றால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். உதிரிபாகங்களில் அமெரிக்கா, கனடா பங்கு எத்தனை சதவீதம், கடைசியாகப் பொருத்திய ஊர் எது என்று சட்டப்படி அதில் அச்சிட வேண்டும். பழைய கார் என்றால் முன்கண்ணாடி ஓரத்தில் தெரியும் 17 எழுத்து அடையாள எண்ணின் முதல் குறியைப் பாருங்கள். 1, 4, 5 என்றால் அமெரிக்கா. 2 என்றால் கனடா. 3 என்றால் மெக்ஸிகோ. ஜே என்ற ஆங்கில எழுத்தானால் ஜப்பான்.